போர்ச்சுகலில் மீன் சாப்பிடுவது எப்படி, கூடவே எந்த ஒயின்?

செப்டம்பரில் சென்னையிலிருந்து மனைவியோடு லிஸ்பன், போர்த்தோ, தெற்கே அல்கார்வ் என்று போகிறீர்கள். இருவருக்கும் மீன் இல்லாமல் சோறு இறங்காது. உங்களுக்கு ஒயின் பிடிக்கும். அவர் ஒரு வாய் சுவைத்துப் பார்ப்பதோடு சரி. எந்த உணவகத்துக்குப் போவது, என்ன மீன் கேட்பது, எந்த ஒயின் சொல்வது, வெளியூர்க்காரர் என்று தெரிந்தால் பில்லில் தீட்டிவிடுவார்களா? இவைதான் உங்கள் கேள்விகள்.

உணவகங்களின் பெயர்ப் பட்டியல் தரப்போவதில்லை. பட்டியல்களில் ஏறிவிட்ட கடையின் வாசலில் நீண்ட வரிசை நிற்கும். அதே படகில் வந்த அதே மீன் இரண்டு கடை தள்ளி, வரிசையில்லாத இடத்திலும் இருக்கும். நல்ல மீன் கிடைத்தால் போர்ச்சுகல்காரர்கள் கல் உப்பு, கரி நெருப்பு, ஆலிவ் எண்ணெய், பூண்டு இவற்றோடு நிறுத்திக்கொள்வார்கள். மீன் பழையதாக இருந்தால் அதை மறைக்க அங்கே மசாலா கிடையாது. ஆகவே சமைப்பவர் யார் என்பதைவிட, அன்று கரைக்கு என்ன வந்தது என்பதுதான் உங்கள் சாப்பாட்டைத் தீர்மானிக்கும். உணவகத்தைத் தேடாதீர்கள், மீனைத் தேடுங்கள். ஒயினையும் கூடுமானவரை அந்த மீன் வந்த கரைக்கு அருகிலேயே தேடுங்கள். கீழே எழுதுவது எல்லாம் இந்த இரண்டையும் எப்படிச் செய்வது என்பதுதான்.

ஓரளவு நல்ல மீன் உணவகம் என்றால் உள்ளே நுழைந்ததும் பனிக்கட்டி பரப்பிய கண்ணாடிப் பெட்டியில் அன்றைய மீன்கள் தெரியும். உட்கார்வதற்கு முன் அங்கே போய் நில்லுங்கள். காசிமேட்டில் மீன் வாங்கிப் பழகிய கண் உங்களுக்கு இருந்தால் வேறு பாடம் வேண்டாம்: கண் தெளிவாகப் புடைத்திருக்க வேண்டும், செவுள் சிவந்திருக்க வேண்டும், உடம்பு விறைப்பாக இருக்க வேண்டும். கைகாட்டிக் கேட்டால் பணியாளர் மீனை எடுத்துத் தட்டில் வைத்துக் காட்டுவார். இது அங்கே இயல்பான வழக்கம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பெரிய மீன்களுக்கு மெனு அட்டையில் தட்டு விலை இருக்காது, கிலோ விலைதான் இருக்கும். வெளியூர்க்காரர்கள் பில்லைப் பார்த்து அதிர்ந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கிலோ 55 யூரோ என்று போட்டிருக்கிறது, பணியாளர் காட்டிய மீன் ஒன்றேகால் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்: 68 யூரோ 75 சென்ட் ஆகிவிடும். அதுவும் குடல் எடுப்பதற்கு முன் உள்ள எடை. ஆகவே மீனைத் தேர்ந்தெடுத்ததும் "குவாந்து பேஸா?" என்று கேளுங்கள், எடை எவ்வளவு என்று பொருள். எடையைத் தெரிந்துகொண்டு மொத்த விலையையும் வாயால் சொல்ல வைத்துவிட்டு உட்காருங்கள். உள்ளூர்க் குடும்பங்களும் இதைத்தான் செய்கின்றன. இருவருக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரையிலான முழு மீன் தாராளம்.

அடுத்துக் கேட்க வேண்டியது, அது கடல் மீனா வளர்ப்பு மீனா என்பது. ரொபாலோ, தொராதா என்ற இரண்டு பெயர்களை எல்லா மெனுவிலும் பார்ப்பீர்கள். ரொபாலோ நம் கொடுவாயைப் போல வெள்ளைச் சதை உள்ள மீன். தொராதா வட்ட உடம்புக்காரன். தட்டளவில், ஒரே அச்சில் வார்த்ததுபோல வரிசையாக இருந்தால் அவை பண்ணையில் வளர்ந்தவை. "து மார்" என்றால் கடலில் பிடித்தது, "அக்வகுல்தூரா" என்றால் வளர்ப்பு. வளர்ப்பு மீனைச் சாப்பிடக்கூடாது என்று சொல்லவில்லை, கடல் மீனின் விலையைக் கொடுத்து அதைச் சாப்பிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

என்னைக் கேட்டால் இந்த இரண்டையும் விட்டுவிட்டு விலை குறைந்த மீன்களுக்குப் போகச் சொல்வேன். கரப்பாவ் என்பது பாரை மீன் குடும்பத்துச் சிறு மீன். சிறியதைப் பொரித்துக் கொடுப்பார்கள், பெரியதைச் சுட்டுக் கொடுப்பார்கள். கவாலா என்பது கானாங்கெளுத்தி இனம். இவற்றையெல்லாம் விட முக்கியமானது சர்தீன்யா, நம் மத்தி. ஜூன் 12 இரவு லிஸ்பனில் புனித அந்தோணியார் திருவிழாவில் அல்ஃபாமா சந்துகள் முழுக்க மத்தி சுடும் புகை நிற்கும். அந்த நாளுக்காகவே எல்லோரும் மத்தியைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் ஜூன் தொடக்கத்தில் மத்தியில் கொழுப்பு முழுதாக ஏறியிருக்காது. கோடை முழுக்கத் தின்று கொழுத்து ஆகஸ்ட், செப்டம்பரில்தான் அது உச்சத்துக்கு வரும். நீங்கள் போகும் மாதம் நல்ல மாதம். மே மாதத்துக்கு முன் மத்தி என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் உறைய வைத்ததுதான்.

மத்தி சாப்பிடும் முறை ஒன்று உண்டு. குடலெடுக்காமல், கல் உப்பு தூவி அப்படியே கரியில் வாட்டித் தருவார்கள். ஒரு ரொட்டித் துண்டின் மேல் மீனை வைத்து, கையால் தோலை உரித்து, சதையை விரலால் எடுத்துச் சாப்பிடுங்கள். ஒவ்வொரு மீனாகத் தீரத்தீர அதன் எண்ணெய் ரொட்டியில் இறங்கும். கடைசியில் அந்த ரொட்டியைச் சாப்பிட வேண்டும். கூட வேகவைத்த உருளைக்கிழங்கும், சுட்டுத் தோலுரித்த குடைமிளகாய் சாலட்டும் வரும். முள்ளுக்குப் பயப்படாத நம்மவர்களுக்கு இதைவிட நல்ல சாப்பாடு அந்த நாட்டில் கிடையாது.

ஒரு எச்சரிக்கை: திங்கட்கிழமை. ஞாயிறு மீன் ஏலம் நடக்காது என்பதால் பல சந்தைகளில் திங்கள் அன்று மீன் பகுதி மூடியிருக்கும் அல்லது வெறிச்சோடிக் கிடக்கும். நல்ல மீன் உணவகங்கள் பலவும் அன்று விடுமுறை. திங்கட்கிழமையை உப்பிட்டு உலர்த்திய மீனுக்கு ஒதுக்கிவிடுங்கள், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஞாயிறு மதியம் வேறுவிதம்: மூன்று தலைமுறையும் சேர்ந்து வந்து மேஜைகளை நிரப்பிவிடும். முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள்.

உட்கார்ந்ததும் நீங்கள் கேட்காமலேயே ரொட்டி, வெண்ணெய், ஆலிவ் காய், சிறு டப்பாவில் மத்தி விழுது, சில இடங்களில் பாலாடைக்கட்டி எல்லாம் வந்து இறங்கும். கூவேர் என்று பெயர். இலவசம் இல்லை. ஆனால் நீங்கள் கேட்காத, தொடாத எதற்கும் பணம் வாங்கக்கூடாது என்று அந்த நாட்டுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. வேண்டாம் என்றால் புன்னகையோடு எடுத்துப்போகச் சொல்லுங்கள், போதும். ரொட்டியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். மட்டிச் சாற்றைத் துடைக்க அது வேண்டும்.

அளவைப் பற்றி: 'தோஸ்' என்பது முழுப் பங்கு, 'மெய்யா தோஸ்' அரைப் பங்கு. சாதாரணக் கடைகளில் முழுப் பங்கு ஒன்றே இரண்டு பேருக்கு வரும். ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டுத் திணறாதீர்கள். சோற்று வகைகளும், கத்தப்ளானா என்ற மூடிய செம்புப் பாத்திரத்தில் வேகும் மீனும் பெரும்பாலும் இரண்டு பேருக்கென்றே விலை போட்டிருக்கும். அந்த விலை ஒருவருக்கா இருவருக்கா என்று கேட்டுவிடுங்கள். வேலை நாட்களில் மதியம் தாஷ்கா எனப்படும் சிறு கடைகளில் அன்றைய சாப்பாடு என்று சிலேட்டில் எழுதியிருப்பார்கள். பல இடங்களில் சூப், ஒரு மீன் தட்டு, குடிக்க ஏதாவது, காபி எல்லாம் சேர்த்து ஒரே விலை. அலுவலகத்துக்காரர்கள் நிறைந்திருக்கும் கடையாகப் பார்த்து ஒரு மணிக்கு முன்பே போய்விட்டால், உங்கள் பயணத்தின் சிறந்த சாப்பாடுகளில் சில அங்கேதான் அமையும். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குத்தான் களைகட்டும்.

நண்டு, இறால், மட்டி போன்ற ஓடுள்ளவற்றுக்கென்றே தனி உணவகங்கள் உண்டு, மரிஷ்கெய்ரா என்பார்கள். பீர்க்கடையாகத் தொடங்கியவை செர்வெஜாரியா. இங்கே மேஜையில் மரப்பலகையும் சுத்தியலும் வைப்பார்கள். சப்பத்தெய்ரா என்ற பெரிய நண்டை வேகவைத்துக் கால்களைத் தனியாகவும், ஓட்டுக்குள் இருக்கும் சதையையும் குழம்பையும் கடுகு விழுதோடு கலந்து ஓட்டிலேயே நிரப்பியும் தருவார்கள். அதை வாட்டிய ரொட்டியில் தடவிச் சாப்பிட வேண்டும். பெரிய இறால்களில் கரபினெய்ரோ என்று இரத்தச் சிவப்பில் ஒன்று உண்டு. விலை மிக அதிகம். ஆனால் அதன் தலைக்குள் இருக்கும் சாறு வேறு எந்த இறாலிலும் கிடையாது. ஆளுக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள், தலையை உறிஞ்சத் தயங்காதீர்கள். மொசாம்பிக்கிலிருந்து உறைந்து வரும் புலி இறால்களும் பல மெனுக்களில் இருக்கும். நம் ஊரில் அதைவிட நல்லது கிடைக்கிறது, அங்கே போய் அதற்குச் செலவு செய்ய வேண்டாம்.

பெர்செபெஷ் என்று ஒன்றை நிச்சயம் சாப்பிட்டுப் பாருங்கள். அலை மோதும் பாறையில் ஒட்டி வளரும் உயிரி. பார்க்க ஏதோ விலங்கின் நகம் முளைத்த விரல் மாதிரி கொஞ்சம் மிரட்டும். அலைக்கும் பாறைக்கும் நடுவே இறங்கி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு சுரண்டி எடுக்கிறார்கள். உயிரைப் பணயம் வைக்கும் வேலை, அதனால்தான் அந்த விலை. உப்புத் தண்ணீரில் ஓரிரு நிமிடம் கொதிக்கவிட்டு அப்படியே தருவார்கள். நகத்தைப் பிடித்து, கழுத்துத் தோலைக் கிள்ளித் திருகி இழுத்தால் உள்ளே இளஞ்சிவப்புச் சதை வரும். சட்டையில் தெறிக்கும், உங்களுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்துக் கிள்ளுங்கள். நூறு அல்லது இருநூறு கிராம் மட்டும் கேளுங்கள். கடலைத் தவிர அதில் வேறு சுவை இல்லை, அந்தச் சுவைக்காகத்தான் அது. இவ்வளவையும் சாப்பிட்டு முடித்தபின் உள்ளூர்க்காரர்கள் கடைசியில் ப்ரெகோ என்று பூண்டு போட்டு வாட்டிய மாட்டிறைச்சித் துண்டை ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுவார்கள். நீங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுபவர் என்றால் அதையும் விட்டுவிடாதீர்கள்.

மட்டிகளில் ஒரு தட்டு எல்லா இடத்திலும் உண்டு: அமெய்ஜோவாஷ் அ புல்யாவ் பாத்து. 19ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஒருவரின் பெயரால் வழங்குவது. ஆலிவ் எண்ணெயில் பூண்டு, மட்டி, கொஞ்சம் வெள்ளை ஒயின், இறக்கும்போது கைநிறைய கொத்தமல்லித்தழை, எலுமிச்சை. ஐரோப்பாவில் வேறெங்கும் கொத்தமல்லித்தழையை இவ்வளவு தாராளமாகப் பார்க்க முடியாது. முக்கியமாகத் தெற்குப் பகுதியில் சூப், சோறு, மட்டி எல்லாவற்றிலும் அது விழும். உங்கள் மனைவிக்கு முதல் நாளே பழகிவிடும்.

சோற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் தலைக்கு அதிக அரிசி சாப்பிடுபவர்கள் போர்ச்சுகல்காரர்கள்தான். மொந்தேகு, தேஜோ, சாது ஆற்றுப் படுகைகளில் அவர்களே விளைவிக்கும் கரொலீனோ என்ற அரிசி சாற்றை உறிஞ்சிக்கொண்டு குழைவாக நிற்கும். கடல் உணவுச் சோறு, அதாவது அரோஸ் தெ மரிஷ்கோ, ஸ்பெயினின் பயேயா மாதிரி உலர்ந்து இருக்காது. பானையோடு கொதித்தபடியே மேஜைக்கு வரும், கரண்டியால் அள்ளித்தான் சாப்பிட வேண்டும். தம்பொரீல் என்ற அகன்ற வாய் ஆழ்கடல் மீன் போட்ட சோறு அதைவிட எனக்குப் பிடிக்கும். முள் இல்லாத, இறால் மாதிரிக் கெட்டியான சதை. காரம் வேண்டுமென்றால் பிரிபிரி என்று கேளுங்கள், சிறு குப்பியில் மிளகாய் எண்ணெய் வரும்.

இனி ஊர்வாரியாக.

லிஸ்பனில் பைஷா பகுதியின் நடைத்தெருக்களில் புகைப்பட மெனுவை நீட்டி, கையைப் பிடிக்காத குறையாக உள்ளே அழைக்கும் கடைகளைத் தவிருங்கள். கடல் உணவுத் தட்டு என்று விலை சொல்லாமல் கொண்டுவந்து வைத்துப் பெரிய பில் கொடுக்கும் புகார்கள் இந்த மாதிரி இடங்களைப் பற்றித்தான் வருகின்றன. ஒரு நாள் லிஸ்பனை விட்டு வெளியே போங்கள்: ஃபெர்தாகுஷ் ரயிலில் ஏறினால் ஏப்ரல் 25 பாலத்தைக் கடந்து ஒரு மணி நேரத்தில் செத்தூபல். காலையில் அங்குள்ள லிவ்ரமெந்து சந்தைக்குள் நுழையுங்கள். நீல ஓடு பதித்த சுவருக்கு முன்னால் மீன் மேஜைகள் வரிசையாக இருக்கும். அன்று என்ன வந்திருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். பிறகு துறைமுகத்துத் தெருவில் ஷோக்கு ஃப்ரீத்து, அதாவது பொரித்த ஓட்டுக் கணவாய் கேளுங்கள். அந்த ஊரின் அடையாளமே அதுதான். சுட்ட சல்மொனெத் என்ற சிவப்பு மீனும் அங்கே பெயர்போனது. முடிக்கும்போது அந்தப் பகுதியிலேயே செய்யும் மொஷ்கத்தெல் என்ற இனிப்பு ஒயின் சிறு கிண்ணத்தில். ஆரஞ்சுத் தோல், தேன், உலர்ந்த அத்தி வாசனை. ஒரு வாயோடு நிறுத்துகிறவர்கூட இன்னொரு வாய் கேட்பார்.

போர்த்தோவில் தங்கினாலும் மீனுக்கு மத்தோசீன்யோஷ் போங்கள். நீல நிற மெட்ரோவில் அரை மணி நேரம். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய தெருவில் கடைக்காரர்கள் நடைபாதையிலேயே கரியடுப்பு போட்டு மீன் சுடுவார்கள். அடுப்பருகே போய், எந்த மீன் அதிகம் சுடப்படுகிறது என்று பார்த்துவிட்டுக் கடையைத் தேர்ந்தெடுங்கள். இங்கே குடிக்க வேண்டியது வின்யோ வெர்தெ. போர்த்தோவுக்கு வடக்கே கருங்கல் மண்ணும் அட்லாண்டிக் மழையுமாக இருக்கும் மின்யோ பகுதியின் ஒயின். 1908இல் எல்லை வகுக்கப்பட்ட பகுதி. மழை அதிகம், திராட்சையில் புளிப்பு நிற்கும், ஆல்கஹால் குறைவு. அந்தப் புளிப்புதான் மத்தியின் எண்ணெயை நாக்கிலிருந்து கழுவிவிடும். மலிவான பாட்டில்களில் லேசான நுரையும் கொஞ்சம் இனிப்பும் சேர்த்திருப்பார்கள். வெயில் மதியத்துக்கு அது சரி, ஆனால் அந்தப் பகுதியின் திறமை அதில் இல்லை. லோரெய்ரோ திராட்சையில் லீமா ஆற்றுப் பள்ளத்தாக்கில் செய்ததைக் கேளுங்கள், பூவாசனை எழும். இன்னும் கொஞ்சம் செலவு செய்யத் தயார் என்றால் ஸ்பெயின் எல்லையில் மொன்சாவ், மெல்காசு ஊர்களின் அல்வரீன்யோ. அங்கே மலைகள் கடற்காற்றைத் தடுப்பதால் திராட்சை முழுதாகப் பழுக்கும். வாயில் கனம் தெரியும் ஒயின் அது. நண்டு, சுட்ட பெரிய மீன் இரண்டுக்கும் தாங்கும். சில வருடம் வைத்திருந்தாலும் கெடாது, மேலும் நன்றாகும். சாதாரண வின்யோ வெர்தெயில் மட்டும் பாட்டிலில் உள்ள அறுவடை ஆண்டைப் பாருங்கள், போன வருடத்ததாக இருக்கட்டும்.

அல்கார்வில் ஒல்யாவ் ஊரை விட்டுவிடாதீர்கள். கடற்கரையோரம் இரண்டு செங்கல் சந்தைக் கட்டடங்கள்: ஒன்றில் மீன், மற்றதில் காய்கறி. சனிக்கிழமை காலையில் வெளியிலும் கடை பரப்புவார்கள். எதிரே விரிந்து கிடப்பது ரியா ஃபொர்மோசா உப்பங்கழி, நாட்டின் மட்டியில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது. மட்டியை இங்கே சாப்பிட்டுவிட்டால் வேறு ஊரில் கேட்கத் தோன்றாது. கத்தப்ளானா என்பது இந்தப் பகுதியின் செம்புப் பாத்திரம், இரண்டு கிண்ணங்களைக் கவிழ்த்துக் கீல் போட்ட மாதிரி. மீன், மட்டி, இறால், தக்காளி, வெங்காயம் எல்லாம் அதற்குள் மூடி ஆவியில் வேகும். மேஜையில் வைத்துத்தான் திறப்பார்கள்.

கொஞ்சம் கிழக்கே தவீராவுக்கு அருகில் சாந்தா லுசீயா என்ற சிற்றூர். பேய்க்கணவாய்தான் அந்த ஊரின் பிழைப்பு. மண்குடங்களைக் கயிற்றில் கோத்துக் கடலடியில் இறக்கிவிடுவார்கள். இரை எதுவும் வைப்பதில்லை. ஒளிந்துகொள்ள இடம் தேடும் பேய்க்கணவாய் தானாகவே குடத்துக்குள் புகுந்துகொள்ளும். இப்போது பிளாஸ்டிக் குடங்களும் கூண்டுகளும் வந்துவிட்டன. அந்த ஊரில் போல்வோ அ லகரெய்ரோ கேளுங்கள்: வேகவைத்த பேய்க்கணவாயை அடுப்பில் வாட்டி, பூண்டு ஊறிய ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, தோலோடு சுட்டு முட்டியால் தட்டி உடைத்த உருளைக்கிழங்கோடு தருவார்கள். வெளியே கருகல் விளிம்பு, உள்ளே வெண்ணெய். இதற்கு வின்யோ வெர்தெ போதாது. தாவ் மலைப்பகுதியின் என்க்ருஸாதோ திராட்சை வெள்ளை ஒயின், அல்லது அலென்தெஜோவின் அந்தாவ் வாஸ் கேளுங்கள். அல்கார்வில் வாடகைக் கார் எடுப்பீர்கள் என்றால், ஒரு லிட்டர் இரத்தத்தில் 0.5 கிராம் ஆல்கஹால் என்பது அங்கே வரம்பு. ஓட்டப்போகிறவர் மதியம் சோடாத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

இனி திங்கட்கிழமைச் சாப்பாடு: பக்கல்யாவ். உப்பிட்டு உலர்த்திய காட் மீன், அவர்களின் கருவாடு. இந்த மீன் போர்ச்சுகல் கடலில் கிடையாது என்பதுதான் இதில் பெரிய ஆச்சரியம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அட்லாண்டிக்கைக் கடந்து நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்குப் போய் அதைப் பிடித்து, உப்பிட்டு எடுத்துவந்தார்கள். 20ஆம் நூற்றாண்டிலும் பெரிய கப்பலிலிருந்து ஒற்றை ஆள் ஒற்றைப் படகில் பனிமூட்டத்துக்குள் தூண்டிலோடு இறங்கி, மாதக்கணக்கில் மீன் பிடித்தார்கள். திரும்பாமல் போனவர்கள் பலர். அந்த மீன்பிடிக் கப்பல் கூட்டம் 1970களில் முடிந்துபோனது. இன்று மீன் பெரும்பாலும் நார்வேயிலிருந்தும் ஐஸ்லாந்திலிருந்தும் வருகிறது. போர்த்தோவுக்குத் தெற்கே அவெய்ரோ பக்கம் போனால் ஈல்யாவு ஊரில் இதற்கென்றே ஒரு கடல் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் படகுகளைப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் இருப்பதன் அருமை தெரியும்.

ஒன்றிரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து உப்பை இறக்கித்தான் சமைப்பார்கள். எத்தனையோ விதம். முதல் முறை பக்கல்யாவ் அ ப்ராஷ் சாப்பிடுங்கள்: உதிர்த்த மீன், குச்சி குச்சியாகப் பொரித்த உருளை, முட்டை. பிறகு கெட்டித் துண்டாக ஆலிவ் எண்ணெயில் சுட்டது. பாலேடு போட்டதை விட்டுவிடலாம். மீன் அதில் காணாமல் போகிறது. மீனுக்குச் சிவப்பு ஒயின் கூடாது என்ற விதியை உள்ளூர்க்காரர்கள் பக்கல்யாவுக்குப் பொருட்படுத்துவதில்லை, நானும் அவர்கள் பக்கம். சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச்சத்து புது மீனோடு சேரும்போது கவிச்சியைக் கிளப்பும் என்பது உண்மை. ஆனால் உப்பில் கிடந்து இறுகி, எண்ணெயிலும் பூண்டிலும் வெந்த இந்த மீன் வேறு. தாவ் பகுதியின் துவர்ப்பு குறைந்த சிவப்பு அதற்கு நன்றாகப் பொருந்தும்.

ஒயின் கேட்பதில் உங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு: ஒருவர்தான் குடிப்பவர், முழுப் பாட்டில் அதிகம். சிறு கடைகளில் வீட்டு ஒயினை ஜாரோ என்ற குடுவையில் கால் லிட்டர், அரை லிட்டர் என்று தருவார்கள். மீன் நன்றாக இருக்கும் கடையில் அதுவும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், விலையும் மிகக் குறைவு. கொஞ்சம் பெரிய உணவகங்களில் கோப்பைக் கணக்கில் கிடைக்கும், அரைப் பாட்டில்களும் உண்டு. லிஸ்பனில் ஒரு முறை மட்டும் நல்ல பாட்டிலுக்குச் செலவு செய்யலாம் என்றால் இரண்டு பெயர்களை நினைவில் வையுங்கள். ஒன்று சின்த்ராவுக்கு அருகில் குலாரெஷ். கடல் மணலில் வளரும் கொடிகள். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்சரா பூச்சி மணலில் பிழைக்காது என்பதால் இவை ஒட்டுக்கட்டாத பழைய வேரிலேயே நிற்கின்றன. அதன் வெள்ளை ஒயினில் உப்பு தெரியும். இன்னொன்று அசோர்ஷ் தீவுகளில் பிக்கோ. கறுப்பு எரிமலைக் கற்களை அடுக்கி, கடற்காற்று படாமல் சிறுசிறு தொட்டிகளாக மறைத்து வளர்க்கும் கொடிகள்; 2004இல் யுனெஸ்கோ பாரம்பரிய இடமாக அறிவித்தது. பெர்செபெஷும் பிக்கோ ஒயினும் ஒரே மேஜையில் அமைந்தால் அந்தச் செலவுக்காக நீங்கள் வருந்த மாட்டீர்கள்.

ஏமாற்றத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மெனுவும் விலையும் வாசலில் தெரியும்படி வைக்க வேண்டும் என்பது அங்கே விதி. விலைக்குப் பதில் அன்றைய நிலவரம் என்று எழுதியிருந்தால் கேட்காமல் சொல்லாதீர்கள். பில்லில் வரி சேர்ந்தேதான் இருக்கும். டிப் கட்டாயமில்லை, சேவை பிடித்திருந்தால் ஐந்திலிருந்து பத்து சதவீதம் வைத்தால் மகிழ்வார்கள். பில் கேட்கும்போது "கொன்த்ரிபுயிந்த்?" என்று கேட்பார்கள், அது அவர்களின் வரி எண், இல்லை என்று தலையாட்டுங்கள். சில சிறு கடைகளில் வெளிநாட்டு அட்டை செல்லாது, கையில் ரொக்கம் இருக்கட்டும். உண்மையிலேயே தவறாகப் பணம் வாங்கினால் 'லிவ்ரு தெ ரெக்லமசோயிஷ்' கேளுங்கள். அது புகார்ப் புத்தகம், எல்லா உணவகமும் வைத்திருக்க வேண்டும், கேட்டால் தர மறுக்கக்கூடாது. அதில் எழுதுவது அரசு அமைப்புக்குப் போகும். பெரும்பாலும் அந்தப் பெயரைச் சொன்னாலே கணக்கு திருத்தப்பட்டுவிடும்.

ஊருக்கு எடுத்துவர என்ன என்றால், தகர டப்பா மத்தி. மத்தோசீன்யோஷில் 1920 முதல் இயங்கும் பின்யாய்ஷ் தொழிற்சாலையில் இன்றும் கையாலேயே டப்பாவில் அடுக்குகிறார்கள். முன்பதிவு செய்தால் உள்ளே போய்ப் பார்க்கலாம். எண்ணெய் இருப்பதால் கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையில் எடுத்துவிடக்கூடும், பெட்டிக்குள் வையுங்கள். இந்தியாவுக்குள் ஆளுக்கு இரண்டு லிட்டர் மது வரியில்லாமல் கொண்டுவரலாம். அதில் ஒன்று செத்தூபலின் மொஷ்கத்தெல்லாக இருக்கட்டும். செறிவூட்டிய ஒயின் என்பதால் திறந்த பிறகும் குளிர்பெட்டியில் சில வாரம் தாங்கும், ஒரு வாய் குடிப்பவருக்கு அதுதான் வசதி.